இயங்கும் கணினியில் வட்டுப் பகிர்வை மாற்றுதல்

கணினியின் வன்தட்டு புறத்தே ஒன்றாயினும் அகத்தே பல பகிர்வுகளாக வகுக்கப்பட்டிருக்கும். எப்பகிர்வு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு சிற்றட்டவணை சொல்லும். 1983ஆம் ஆண்டு ஐபிஎம் எக்சுடி கணினியோடு பரவிய பழைய முறையில், தட்டின் முதல் 512 பைட்டுகளில் 64 மட்டுமே அட்டவணைக்கு உரியவை. பகிர்வுக்குப் பதினாறாக நான்கே வரிசைகள். இன்றைய ஜிபிடி முறை இயல்பாக 128 வரிசைகளுக்கு இடம் தருகிறது. அட்டவணையின் மறுபடியைத் தட்டின் கடைசியிலும் காக்கிறது.

அட்டவணையைத் திருத்தி எழுதுதல் நொடிப்பொழுதில் முடியும் வேலை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கணினி தொடங்கும்போதே இயங்குதளத்தின் கருனி அட்டவணையைப் படித்து, அதன் படியொன்றை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் அது நம்புவது அந்தப் படியை மட்டுமே. மலாக்காவின் கிளேபாங்கில் கடலில் மண்கொட்டி நிலத்தை நீட்டினார்கள்; பழைய வரைபடம் வைத்திருப்பவருக்கோ அவ்விடம் இன்னமும் கடல்தான். கருனியின் நிலையும் அஃதே.

அட்டவணையை முழுமையாக மீண்டும் படிக்கச் சொன்னால், தட்டின் ஒரு பகிர்வேனும் பயன்பாட்டில் இருக்கும்வரை லினக்சுக் கருனி மறுத்துவிடும். மறுப்பில் ஞாயம் உண்டு: கோப்பு எழுதப்படும் வேளையில் எல்லை இடம்பெயர்ந்தால், ஒரு பகிர்வின் தரவு மற்றொன்றின்மேல் விழும். இதனாலேயே பலரும் கணினியை நிறுத்தித் தொடங்கினர். எனினும் பகிர்வுகளைத் தனித்தனியே கருனிக்கு அறிவிக்கும் வழி உண்டு. 2012இல் வந்த கருனியின் 3.6 பதிப்பு, பயன்பாட்டிலுள்ள பகிர்வின் அளவையும் மாற்ற இடம் தந்தது. ‘பார்ட்எக்சு’ போன்ற கட்டளைகள் இப்பணியைச் செய்கின்றன. பகிர்வின் தொடக்கம் மட்டும் அசையக் கூடாது. பகிர்வு தட்டின் 2048ஆம் துண்டத்தில் (செக்டரில்) தொடங்கியிருந்தால், திருத்திய அட்டவணையிலும் அதே எண்ணே நிற்க வேண்டும்.

அடுத்தது வரிசைமுறை. பெருக்கும்போது முதலில் பகிர்வை நீட்டி, பின்பு அதனுள் இருக்கும் கோப்பு முறைமையை விரிக்க வேண்டும். சுருக்கும்போது கோப்பு முறைமையே முதலில் ஒடுங்க வேண்டும். முறை மாறினால் கடைசியிலுள்ள கோப்புகள் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். இஎக்சுடி4 முறைமை இயங்கும்போதே விரியும். சுருங்குவதற்கோ அதைப் பயன்பாட்டிலிருந்து கழற்ற வேண்டும். விண்டோசில், 2007இல் பொதுமக்களிடம் வந்த விசுட்டா முதலே, விரித்தல் சுருக்கல் இரண்டும் இயங்குநிலையில் இயலும்.

ஆகவே, வளர்ப்பதற்கு மறுதொடக்கம் பெரும்பாலும் தேவையில்லை. ஆயினும் கட்டளையில் கை வைக்குமுன் இரண்டைச் செய்யுங்கள்: பழைய அட்டவணையின் தொடக்க, முடிவு எண்களை வேறொரு தட்டில் எழுதி வையுங்கள், கோப்புகளுக்கும் படியெடுத்துக்கொள்ளுங்கள். பிழைபட்ட அட்டவணையை அந்த எண்களைக் கொண்டு மீட்கலாம். மேலெழுதப்பட்ட கோப்பை மீட்கப் படியொன்றே துணை.