பாயின்ட் பழசாக இருக்கலாம், கண்டன்சர் பழசாக இருக்கக் கூடாது

பழைய புல்லட்டைக் கிளப்ப ஆசைப்படுகிறவர்கள் நேராகச் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். கடைக்காரர் "என்ன வேணும்?" என்றதும், "கரண்ட் வரல, அதுக்கு வேண்டியது எல்லாம் குடுங்க" என்பார்கள். அவரும் கொடுப்பார். பாயின்ட், கண்டன்சர், காயில், பிளக் என்று ஒரு பை நிறைய. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டி உதைத்தால் வண்டி அப்போதும் மசியாது. முன்பு நாலு பொருள் மேல் சந்தேகம், இப்போது எட்டுப் பொருள் மேல்.

அதனால் கடைக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் உட்காருங்கள், டீ வரட்டும். உள்ளே நடப்பது தெரிந்துவிட்டால் பை பாதியாகக் குறையும்.

பாட்டரியிலிருந்து கரண்ட் சாவி வழியாகக் காயிலுக்கு வருகிறது. காயிலுக்குள் இரண்டு சுற்று. ஒன்று கனத்த கம்பியில் சில நூறு சுற்று, இன்னொன்று மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. கனத்த சுற்றில் ஓடும் கரண்ட் பாயின்ட் என்ற திறந்து மூடும் சுவிட்ச் வழியாக எர்த்தில் இறங்குகிறது. பாயின்ட் மூடியிருக்கும்வரை காயிலில் காந்தப்புலம் ஏறி நிற்கும். காம் சுழன்று பாயின்டைத் திறந்ததும் கரண்ட் அறுபடும், காந்தப்புலம் ஒரேயடியாகச் சரியும். அந்தச் சரிவில்தான் மெல்லிய சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சடாரென்று மூடினால் பைப் முழுக்க 'டொம்' என்று அதிருமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. மெல்லத் திருகி மூடினால் அந்த அதிர்ச்சி வராது.

ஆகப் பொறி பலமாக இருக்க, கரண்ட் சட்டென்று அறுபட வேண்டும். ஆனால் பாயின்ட் திறக்கும் கணத்தில் கரண்ட் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். விட்டால் பாயின்டிலேயே நெருப்பு மூண்டு, பிளக்குக்குப் போக வேண்டியது அங்கேயே தீர்ந்துவிடும். குதிக்க வருவதைத் தன்னிடம் வாங்கிக்கொள்ளத்தான் கண்டன்சர் இருக்கிறது. சுண்டுவிரல் அளவு தகர உருளை, ஒரு ஒயர். அதைக் கண்ணால் பார்த்து நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வரிசையிலேயே ஆளை ஏமாற்றுவது அதுதான்.

கண்டன்சர் போனால் அடையாளம் பாயின்டில் தெரியும். பாயின்டின் மேலிருக்கும் வட்ட மூடியைத் திறந்துவைத்து ஒருவரை உதைக்கச் சொல்லிப் பாருங்கள். பாயின்ட் நடுவே ஊசிமுனை அளவு நீலப்பொறி எப்போதாவது மின்னினால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் மஞ்சளாகக் கொழுத்த பொறி வந்தால் கண்டன்சர் வேலை செய்யவில்லை. பாயின்டின் முகத்தையும் பார்க்க வேண்டும். நல்ல பாயின்டின் முகம் சாம்பல் நிறத்தில் சமமாக இருக்கும். கண்டன்சர் சரியில்லாமல் ஓடியதில் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் அதே அளவு மேடும் விழுந்திருக்கும். ஒரு பக்கத்து உலோகம் பெயர்ந்து மறுபக்கம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பாயின்டை மட்டும் மாற்றினால் புதிய பாயின்டும் சீக்கிரமே அப்படித்தான் ஆகும்.

இன்னொரு அறிகுறி சூடு. காலையில் ஒரே உதையில் கிளம்பும், கொஞ்ச தூரம் போனதும் மிஸ்ஸிங் அடித்து நிற்கும், ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். இது கண்டன்சராக இருக்கலாம், காயிலாகவும் இருக்கலாம். விலை குறைந்தது கண்டன்சர், அதனால் அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற சின்ன பல்பு ஒன்று போதும். அதன் ஒரு ஒயரைப் பாயின்டுக்கு ஒயர் வரும் திருகிலும் இன்னொன்றை எர்த்திலும் வையுங்கள். சாவியைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், பாயின்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் முகத்தில் அழுக்கு. எரியவே இல்லை என்றால் கண்டன்சர் ஒயரைக் கழற்றுங்கள். உடனே எரிந்தால் கண்டன்சர் உள்ளுக்குள் எர்த் ஆகிக் கிடக்கிறது. அப்போதும் எரியாவிட்டால் கரண்டே வரவில்லை, அல்லது வேறெங்கோ எர்த் அடிக்கிறது. எது கெட்டது என்று தெரிந்துகொண்டு இப்போது கடைக்குப் போகலாம்.

பாகம் கிடைப்பதில் புல்லட்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, அங்கே உற்பத்தி நின்ற பிறகும் திருவொற்றியூரில் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தது. பாயின்ட் வைத்த புல்லட் 2000க்குப் பிறகும் சில வருடம் வந்தது. அதனால் பாயின்ட் செட் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. ஜாவா, யெஸ்டி கதை வேறு. மைசூர் ஐடியல் ஜாவா 1996இல் மூடிவிட்டது. ஆனால் நம்முடைய ஜாவா 250 செக் நாட்டு 353 மாடல்தான். அந்த ஊரில் அதை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் நிறைய, பாகங்களைப் புதிதாகச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ராஜ்தூத் 350 வைத்திருப்பவர் யமஹா ஆர்டி350 என்று கேட்டுத் தேட வேண்டும். அதில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பாயின்ட், இடம் வலம் என்று வேறுவேறு. இரண்டையும் கழற்றி எடுத்துப் போங்கள்.

எந்த வண்டியானாலும் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுதான் வழி. "எந்த வருஷ வண்டி?" என்ற கேள்விக்கு ஆர்.சி. புத்தகம் சரியான பதில் சொல்லாது. முப்பது வருடத்தில் யார் யார் எதை மாற்றி மாட்டினார்களோ.

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினால் பலருக்குக் கை நடுங்கும். பாயின்டாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அந்த டங்ஸ்டன் முகத்துக்கு நாற்பது வருடம் ஒரு பொருட்டல்ல. காமில் உரசும் பைபர் குதிகால் வெடிக்காமல் இருக்கிறதா, துருவேறாத ஸ்பிரிங்கா, வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு முகமும் முழுசாகப் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். கண்டன்சராக இருந்தால், எத்தனை அழகான பெட்டியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது தகடும் காகிதமும் சுருட்டிய சுருள். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் காகிதத்தில் ஈரம் ஏறும். அரிய பொருள் என்று அதிக விலை கொடுத்து வாங்கியது பாதி வழியில் நிற்கவைக்கும்.

கண்டன்சர் அந்த வண்டியினுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. பெரும்பாலும் 0.2 மைக்ரோஃபாரட் பக்கம் வரும் சரக்கு இது. அம்பாசிடர் பெட்ரோல் காருக்கு வந்த கண்டன்சரைக் காயில் பக்கத்தில் வெளியே மாட்டி, ஒயரைப் பாயின்டுக்குக் கொண்டுபோய்விடலாம். எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி இருப்பதால் ஆயுசும் கூடும். ஒரிஜினல் தோற்றம் கெடுகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. கண்காட்சிக்கு மட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் முணுமுணுக்கட்டும்.

காயிலில் கவனிக்க வேண்டியது வோல்ட். பழைய புல்லட்டும் ஜாவாவும் 6 வோல்ட், பிந்தைய புல்லட்கள் 12. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. 6 வோல்ட் காயிலை 12 வோல்ட் வண்டியில் போட்டால் இரண்டு மடங்கு கரண்ட் இழுத்துக் காயிலும் சுடும், பாயின்டும் கருகும். மாற்றிப் போட்டால் பொறி நோஞ்சானாக வரும். கடையில் மீட்டர் வைத்துக் கனத்த சுற்றை அளக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் காயில் 3, 4 ஓம் காட்டும், 6 வோல்ட் அதில் பாதிதான். நல்ல காயிலைக் கொல்வதும் சுலபம். எஞ்சின் நின்றபின் சாவியை அணைக்காமல் விட்டு, பாயின்ட் மூடிய நிலையில் இருந்துவிட்டால் காயில் தனியாக உட்கார்ந்து வேகும்.

புதுப் பாயின்ட் போட்டும் கரண்ட் வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துருப்பிடிக்காமல் இருக்க அதன் முகத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பெட்ரோலில் துடைத்து, சுத்தமான காகிதத் துண்டு ஒன்றை இரண்டு முகத்துக்கும் நடுவே வைத்து இழுங்கள். காகிதம் கறையில்லாமல் வரும்வரை இழுக்க வேண்டும். பைபர் வாஷர்கள் கழற்றிய வரிசையிலேயே ஏற வேண்டும். ஒன்று இடம் மாறினால் ஸ்பிரிங் எர்த்தில் முட்டும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. இடைவெளி புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பைபர் குதிகாலில் அரிசி முனை அளவு கிரீஸ். வைத்த இடைவெளி நாளுக்கு நாள் மாறுகிறது என்றால் காம் ஓடும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, எத்தனை பாயின்ட் வாங்கினாலும் தீராது.

இந்தத் தொல்லையே வேண்டாம், எலெக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். பாட்டரியும் சார்ஜிங்கும் திடமாக இருந்தால் நன்றாகவே ஓடும். எனக்கென்னவோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வண்டிக்குப் பாயின்டே போதும் என்று தோன்றுகிறது. எலெக்ட்ரானிக் போனால் திண்டிவனம் தாண்டி ரோட்டோரத்தில் எதுவும் செய்ய முடியாது. அப்படியும் கிட் போடுவதாக இருந்தால், கழற்றிய பாயின்ட் பிளேட்டையும் ஒரு புதுக் கண்டன்சரையும் டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள். பாக்ஸில் இடம் இல்லையென்றால் அதில் கிடக்கும் ஸ்பேர் ஹாரனை எடுத்து வெளியே போடுங்கள்.