எஃப் 12 அமுக்குங்க, திரை விலகும்!

பின்வாசல் திறந்தேதான் கிடக்கிறது, வாங்க! குரோம் உலாவியில் எஃப் 12 பொத்தானை அமுக்கியதும், பளபளவென்று இருந்த வலைப்பக்கம் ஒதுங்கி, ஜாவாஸ்கிரிப்ட் வேர்க்க விறுவிறுக்க வேலை பார்க்கும் பின்கட்டு தெரிகிறது. என்ன களேபரம்! சிவப்பில் அலறும் பிழைச் செய்திகள், யாரோ அவசரத்தில் எழுதி அழிக்க மறந்த 'இங்கே வந்தாச்சு' வரிகள்...

நாம் பார்க்க வந்தது குளோஷரை. அதற்காக ஒரு குட்டி நிரல் எழுதி வைத்திருக்கிறேன். 'டோக்கன்மிஷின்' என்று ஒரு ஃபங்ஷன். ஆமாம், பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் முகம் சுளிக்காது! அதற்குள் 'எண்' என்றொரு மாறி, தொடக்கத்தில் 0. கூடவே ஒரு குட்டி ஃபங்ஷன்: எண்ணில் ஒன்றைக் கூட்டித் திருப்பித் தரும். டோக்கன்மிஷின் இந்தக் குட்டியை வெளியே அனுப்பிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறது.

பெரியது போனால் அதன் உள்மாறியும் கூடவே போயிருக்க வேண்டும் அல்லவா? குட்டியைக் கூப்பிட்டேன்: 1. மறுபடி: 2. எங்கிருந்து எடுக்கிறது?

கூட்டல் வரியின் ஓரத்தில் ஒரு கிளிக், பிரேக்பாயின்ட் விழுந்தது. அடுத்து கூப்பிட்டதும் எல்லாம் போட்டது போட்டபடி நிற்கிறது. 'ஸ்கோப்' பட்டியலைப் பாருங்கள்: மேலே 'லோக்கல்', கீழே 'குளோஷர்'. பிரித்தால் எண்: 2! கொட்டகையைப் பிரித்த பிறகும் டிரங்குப் பெட்டியை விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்பும் நாடக நடிகரைப் போல, குட்டி தனக்கு வேண்டியதைச் சுமந்து திரிகிறது. வேண்டியதை மட்டும்! பெரிய ஃபங்ஷனுக்குள் சும்மா போட்டுவைத்த இன்னொரு மாறியைக் குட்டி தொடவில்லை. குரோமின் வி8 இன்ஜின் அதைக் கழற்றிவிட்டது. படு கறார். இப்படிச் சுமந்து திரிவதுதான் குளோஷர்.

இனிதான் குறும்பு. அந்த 2-ஐ இரட்டை கிளிக் செய்து 99 ஆக்கி ஓடவிட்டேன். டோக்கன் 100! பெட்டியில் இருப்பது மதிப்பின் ஜெராக்ஸ் அல்ல, மாறியேதான். இன்னொரு மிஷினைக் கிளப்பினால் அது பாட்டுக்கு 1-லிருந்து தொடங்குகிறது. அதன் பெட்டி வேறு.

நேர்முகத் தேர்வுகளில் பலரை வியர்க்க வைப்பதும் இதுதான். 'வார்' போட்டு 0, 1, 2 என்று சுற்றும் லூப். ஒவ்வொரு சுற்றிலும் செட்டைம்அவுட்டிடம் 'கொஞ்சம் கழித்து எண்ணைக் காட்டு' என்று ஒரு ஃபங்ஷன். வருவதோ 3, 3, 3! மூன்றுக்கும் பொதுவாக ஒரே மாறி. அவற்றின் முறை வருவதற்குள் லூப் முடிந்து அது 3 ஆகிவிட்டது. 2015-இல் வந்த 'லெட்' சுற்றுக்கொரு புது மாறி கொடுக்க, 0, 1, 2 என்று சமர்த்தாக வருகிறது.

அடுத்த கூத்து அடைப்புக்குறியில். ஃபங்ஷன் பெயருக்குப் பின் அதைப் போட்டால் அழைப்பு, போடாவிட்டால் ஆளையே ஒப்படைப்பு. கன்சோலில் வெறும் பெயரைத் தட்டினால் வேலை நடப்பதில்லை. சாய்ந்த எஃப் எழுத்தோடு நிரல் வரிகளே வந்து நிற்கின்றன. 'கிளிக் ஆனதும் இதைச் செய்' என்று கொடுக்கும்போது கைதவறி அடைப்புக்குறி விழுந்தால், பக்கம் திறந்ததுமே வேலை முடிந்துபோகும். அப்புறம் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் மூச்சு இருக்காது.

இதற்கெல்லாம் மூலவர் பிரெண்டன் ஐக். 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், 10 நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்தவர். மேலிடத்துக்கு ஜாவா சாயல் வேண்டும். அவருக்கோ 1975-இல் எம்ஐடியில் சஸ்மனும் ஸ்டீலும் படைத்த ஸ்கீம் மொழிமீது கண். வெளியே ஜாவா வேஷம் கட்டி, உள்ளே ஸ்கீமின் ஃபங்ஷன்களைக் கடத்திவந்துவிட்டார், கில்லாடி!

கிளம்புமுன் 'மெமரி' தாவலையும் எட்டிப் பாருங்கள். குப்பையை அள்ளச் சொல்லும் பொத்தான்கூட இருக்கிறது! ஆனால் குட்டியை யாராவது கையில் பிடித்திருக்கும்வரை பெட்டியில் கை வைக்க மாட்டார்கள். பிடித்திருக்கும் மாறிக்கு 'நல்' கொடுத்தால்தான் எண்ணுக்கும் விடுதலை. நான் இன்னும் கொடுக்கவில்லை. 101-ஆம் டோக்கன் யாருக்கு வேண்டும்?