மூங்கில் வளைவுகளால் நாற்றங்கால் கூண்டு அமைத்தல்

காரைக்கால் பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினாலேயே கிடைக்கிறது. அச்சமயம் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்களைத் திறந்த வெளியில் விடும் குடியானவர்கள் ஒரே இரவு மழையில் விதைமுதலையும் மூன்று வார உழைப்பையும் ஒருங்கே இழக்க நேரிடுவதுண்டு. மழைத் துளிகளின் வேகத்தால் இளநாற்று சாயும். தேங்கும் ஈரத்தால் நாற்றழுகல் நோய் கண்டு பாத்தி பாழாகும். மேட்டுப்பாத்தியின் மீது வளைவுகளை நட்டுப் பாலிதீன் விரிப்பைப் போர்த்துவதே இதற்கு எளிய காப்பு.

வளைவுக்கு எப்பொருள் ஏற்றது? இரும்புக் கம்பி கடற்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். மருந்து தெளிக்கும் ட்ரோன்களின் சட்டங்களில் கார்பன் இழைக் குழாய்களைக் கண்டவர்கள் அவ்வகைக் கம்பியையே வளைக்கலாமென எண்ணக்கூடும். அஃது எஃகின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே உள்ளது, வலிமையும் மிகுந்தது. ஆயினும் இழைகளைப் பிணைத்திருக்கும் எப்பாக்சிப் பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகுவதில்லை. தீயிற் காட்டினால் பிசின் கருகி இழைகள் பிரியுமேயன்றி வளைவு நிலைக்காது. நிலையான வளைவு வேண்டுமாயின், பிசின் இறுகுமுன்பே இழைகளை அச்சில் படியவைத்தல் வேண்டும். இறுகிய கம்பியை வளைத்து முனைகளைக் கட்டி வைக்கலாம். கட்டை அவிழ்த்தால் அது நிமிர்ந்துவிடும். தடித்த கம்பியைக் குறுகலாக வளைத்தால் முறியும். அதனை அறுக்கும்போது எழும் தூள் மூச்சில் புகலாகாது. அன்றியும் அது மின்சாரத்தைக் கடத்துமாதலால் மின்கம்பிக்கு அருகில் அதை உயர்த்துதல் உயிருக்கே அபாயம்.

மூங்கிலின் இயல்பு வேறு. அதன் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தால் இளகி, ஆறியபின் மறுபடி இறுகும். ஆகவே வளைத்த வடிவம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

வளைக்கும் முறை: மூன்றாண்டுக்குக் குறையாத முற்றிய மூங்கிலை 2.5 செ.மீ. அகலமும் 8 மி.மீ. தடிப்புமுள்ள பட்டைகளாகப் பிளக்கவும். கணுக்களின் உட்புறத்தைச் செதுக்கிச் சமப்படுத்தவும். ஒரே சீரான தடிப்பு இல்லாத பட்டை மெலிந்த இடத்தில் ஒடியும். ஒரு மீட்டர் அகலப் பாத்திக்கு அரைவட்ட வளைவு 157 செ.மீ. ஆகும், இருபுறமும் 30 செ.மீ. மண்ணில் புதைய வேண்டுமாதலால் பட்டையின் நீளம் ஏறக்குறைய 2.2 மீட்டர் இருத்தல் வேண்டும்.

பட்டையைச் சுடரில்லாத தணல் மீது முன்னும் பின்னுமாக இழுத்துச் சூடேற்றவும். ஓரிடத்தில் நிறுத்தினால் கருகும். தோல் வியர்த்ததுபோல் மினுமினுக்கும்போது, தரையில் அரைவட்டமாக அடித்த முளைகளின்மேல், தோற்பக்கம் வெளிப்புறமாக இருக்குமாறு மெதுவாக வளைக்கவும். சிறிது மீண்டு நிமிரும் இயல்புடையதாதலால் வேண்டிய அளவுக்குச் சற்று மிகுதியாகவே வளைத்து, நன்றாக ஆறும்வரை கட்டி வைக்கவும். புதையும் அடிமுனைகளுக்குத் தார் பூசினால் அவை விரைவில் மக்கா.

பராமரிப்பு: வளைவுகளை 75 செ.மீ. இடைவெளியில் நட்டு, உச்சியில் ஒரு நீளப் பட்டையால் இணைக்கவும். மழை விட்டவுடன் விரிப்பின் பக்கங்களை உயர்த்திக் காற்றோட்டம் தரவேண்டும். இல்லையேல் உள்ளே புழுக்கம் மிகுந்து, தடுக்க எண்ணிய அழுகல் நோயே தோன்றும். புயல் எச்சரிக்கை வந்ததும் விரிப்பைக் கழற்றிவிடுதல் அவசியம். 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா போன்ற புயலில், போர்த்திய கூண்டு பாய்மரம்போல் காற்றைப் பிடித்து வளைவுகளோடு பெயர்ந்துவிடும். விரிப்பில்லாத வளைவுகளுக்குள் காற்று ஊடுருவிச் செல்லும்.

ஆதலின் புதுப்பொருளின் வலிமையை மட்டும் நோக்காது, அதன் குணமறிந்து கொள்வதே சிக்கனமாகும். சிறு பாத்திக்கு மூங்கிற் குத்தும் ஒரு சட்டித் தணலும் போதும். புரட்டாசியிலேயே வளைவுகளைச் செய்து வைத்துக்கொள்ளும் குடியானவர் ஐப்பசி மழையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.