கணினிக்குள் ஒரு கொம்பு

இளையராஜா தமது சிம்பொனியை 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். அதே ஆண்டு விடுமுறையில் லுக்குட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒரு குறும்படத்துக்கு இசையமைத்துக் கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த இசைக்குழு ஒரு பழைய மடிக்கணினிதான்.

படம் தோட்டத்துப் பெரட்டைப் பற்றியது. விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டுபவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்க, மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். இக்காட்சிக்கு நான்கு ஹார்ன்கள் மிகத் தணிந்து தொடங்கி, இருபது விநாடியில் மெல்ல எழ வேண்டும் என்றான் இயக்குநரான என் நண்பன். நான்கு கலைஞர்களை அமர்த்த வசதியில்லை. அம்மா கூட்டுக் கட்டி எடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி, பித்தளை ஊதுகருவிகளின் ஒலித்தொகுப்பு ஒன்றை வாங்கினேன். விளம்பரத்துக்காக இசைத்துக் காட்டிய துண்டு போர்க்களம் போல் முழங்கியது, அதில் மயங்கிவிட்டேன். தொகுப்பின் பெயர் வேண்டாம், நண்பர்களே. தவறு என்னுடையது.

ஒலித்தொகுப்பு என்பது என்ன? உண்மையான கலைஞர்களை ஒவ்வொரு சுரமாக ஊதச் சொல்லிப் பதிவு செய்து வைப்பார்கள். விசைப்பலகையில் நாம் கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவு ஒலிக்கும். அவ்வளவுதான். ஆனால் டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா ஆகியவற்றில் ஒரு சிக்கல் உண்டு. தணிந்து ஊதினால் ஹார்ன் மெத்தென்று இருக்கும். பலமாக ஊதும்போது சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஒலியின் நிறமே மாறுகிறது. குழாய்க்குள் செல்லும் அழுத்த அலையின் முகப்பு போகப் போகச் செங்குத்தாகிறது. அதனால் மேல்சுரங்கள் பெருகி, உலோகத்தைக் கிழிப்பது போன்ற கூர்மை பிறக்கிறது. கோயில் திருவிழாவில் எக்காளத்தின் அருகில் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, தணிந்த பதிவின் ஒலியளவைக் கூட்டினால் பலமான ஹார்ன் கிடைக்காது. மெத்தென்ற ஹார்ன் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவே. நல்ல தொகுப்பில் ஒவ்வொரு சுரத்தையும் பல பல அளவுகளில் பதிவு செய்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 சுரங்கள், 4 பல அளவுகள், ஒவ்வொன்றும் 3 முறை என்றால், குறுஞ்சுரத்துக்கு மட்டுமே 480 பதிவுகள். விலை ஏன் ஏறுகிறது என்பதற்கும் மடிக்கணினி ஏன் திணறுகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

நான் வாங்கியதில் இரண்டே அளவுகள். விசைப்பலகையின் சக்கரத்தை மெல்ல உருட்டினேன். பாதி தூரம் வரை தணிந்த ஹார்ன். பிறகு திடீரென்று வேறு நால்வர் அறைக்குள் நுழைந்தது போல் இருந்தது. இடையில் ஒரு விநாடி எட்டுப் பேர் ஊதினார்கள். பெரட்டுக் காட்சி அங்கேயே உடைந்தது.

இதனால்தான் சொல்கிறேன், முழக்கத்தைக் கேட்டு வாங்காதீர்கள். நடுத்தர உயரத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து, மிகத் தணிவிலிருந்து உச்சம்வரை பத்து விநாடி ஏற்றி இறக்குங்கள். தையல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து ஒரே சுரத்தை வேகமாக எட்டு முறை தட்டுங்கள். மாற்றுப் பதிவுகள் இல்லையென்றால் தையல் இயந்திரம் ஓடுவது போல் கேட்கும். நான்கு ஹார்ன் சேர்ந்து ஊதிய பதிவில் மூன்று கட்டைகளை அழுத்தினால் பன்னிரண்டு ஹார்ன் ஒலிக்கும் என்பதையும் மறவாதீர்கள். தனி ஹார்னும் தொகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு செய்த கூடமும் முக்கியம். வியன்னா சிம்பொனிக் லைப்ரரி எதிரொலி குறைந்த தனிக் கூடம் அமைத்துப் பதிவு செய்தது. எதிரொலியை நாம்தான் சேர்க்க வேண்டும். 2019-இல் ஸ்பிட்ஃபயர் ஆடியோ வெளியிட்ட பிபிசி இசைக்குழுத் தொகுப்பு லண்டன் மைடா வேல் கூடத்தில் பதிவானது. கூடத்தின் காற்றும் ஒலியோடு சேர்ந்தே வரும். என் போன்ற தொடக்கநிலையாளர்களுக்கு இரண்டாவது வகை எளிது. எதை வாங்கினாலும், அதற்கு முன் ஒரு முறையாவது கோலாலம்பூர் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்துக்குப் போய், 1998 முதல் அங்கு வாசித்துவரும் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நேரில் கேளுங்கள். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டாமா?

இவ்வளவும் படித்துப் பகுதிநேர வேலைப் பணத்தில் வேறொரு தொகுப்பு வாங்கி, இசையைத் திருத்தி முடித்தேன். இராணுவ வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதி ஓய்வுபெற்ற எங்கள் பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் எப்பத்தான் மூச்சு விடுவான்?”

இருபது விநாடி இடைவெளியே இல்லாமல் எழுதியிருந்தேன். கணினிக்கு நுரையீரல் இல்லை. எழுதுபவன்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். நால்வரும் ஒரே நேரத்தில் நிறுத்தாமல், ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தாங்குமாறு வரிகளைப் பிரித்தேன். மேல்வரியைப் பெரியப்பாவையே டிரம்பெட்டில் தணிந்து ஊதச் சொல்லித் தொகுப்போடு கலந்தோம். மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் மெத்தையைச் சாத்தித்தான் பதிவு செய்தோம். மூன்றாம் முறை ஊதும்போது பக்கத்து வீட்டுச் சேவல் கூவிவிட்டது. பெரட்டுக் காட்சிதானே, இருக்கட்டும் என்றான் நண்பன்.