நெற்றியில் அதிரும் நாதம்

சிவகாசியில் 1886இல் பிறந்தவர் நாடகக் கலைஞர் விசுவநாததாஸ். மைக் பரவாத அந்தக் காலத்து மேடையில் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் எட்டியாக வேண்டும். நெஞ்சைப் பிடித்துக் கத்துவதால் அது நடக்காது. மேற்கத்திய வாத்தியக் குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் பக்கம் வலுத்திருக்க, பயின்ற ஓபராப் பாடகரின் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஆற்றல் திரள்வதை ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி விளக்கினார். நம் காது கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். இத்தகைய கணீர் ஒலியைப் பாடுபவர் பெரும்பாலும் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் அதிர்வாக உணர்கிறார். தலை நாதம் என்பது அதுவே.

மண்டைக்குள்ளா ஒலி பெருகுகிறது என்று கேட்கலாம். இல்லை, தொண்டையும் வாயுமே நாதத்தை உருவாக்குகின்றன. ஆனாலும் அந்த உணர்வு வீணல்ல. தன் குரல்நாணைப் பார்க்க முடியாத பாடகருக்கு அதுவே வழிகாட்டி. ஒலி பிறக்கும் எட்டு இடங்களில் தலையையும் தொல்காப்பியம் எண்ணியிருக்கிறது.

பயிற்சி எளிது. உதடு மூடி, பல் விலக்கி, தாடையைத் தளர்த்தி, வசதியான சுருதியில் ‘ம்’ என்று இழுக்க வேண்டும். மூடிய உதடு காற்றழுத்தத்தைச் சற்றே திருப்பித் தருவதால் குரல்நாண் சிரமமின்றி அதிரும். அதிர்வு கலையாமல் ‘மா’, ‘மீ’ என விரித்து, பிறகு சரளி வரிசைக்குப் போகலாம். இது கள்ளத்தொண்டையில், அதாவது பொய்க்குரலில், முடியாதா? காற்று கசிந்து குரல் மெலிந்தால்தான் அப்படி. ‘ஆ’ பாடும்போது மூக்கைப் பிடியுங்கள். ஒலி மாறினால் அது மூக்குக்குரல். தொண்டை வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.