தோள் கொடுத்த தொழிலாளி

பாப் பெக்வித் என்று பெயரைச் சொன்னால் தோழர்களில் பலருக்கு ஆள் விளங்காது. படத்தைச் சொன்னால் விளங்கும். இடிந்து கிடக்கும் குவியலின் மீது அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கை ஒலிபெருக்கியுடன் நிற்கிறார். அவருடைய இன்னொரு கை, பக்கத்தில் நிற்கும் முதியவர் ஒருவரின் தோளைச் சுற்றியிருக்கிறது. 2001 செப்டம்பர் 14ஆம் நாள் நியூயார்க்கில் எடுத்த படம் அது. ஒலிபெருக்கி பிடித்த கை யாருடையது என்று உலகமே அறியும். அந்தத் தோள் யாருடையது?

அதற்குரியவர் 2024 பிப்ரவரி 4ஆம் நாள், தம் 91ஆம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். அவர் மந்திரியல்ல, தளபதியல்ல, கோடீசுவரருமல்ல. தீயணைப்புத் தொழிலாளி. ஆகவேதான் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஆஸ்டோரியா என்றோர் இடம். அங்குள்ள 117ஆம் எண் ஏணி வண்டிப் பிரிவில் பணியாற்றியவர் பெக்வித். ஏறத்தாழ 30 ஆண்டுகள் தீயோடு மல்லுக்கட்டி, 1994இல் ஓய்வு பெற்றார். ஆறு பிள்ளைகளுக்குத் தந்தை. லாங் ஐலண்டில் வீடு, மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள். உழைத்தவனுக்கு உரிய ஓய்வு. அதை யார் குறை சொல்ல முடியும்?

2001 செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்தின் 110 மாடிக் கோபுரங்கள் இரண்டும் விமானத் தாக்குதலால் சரிந்தன. அன்று பெக்வித் ஆஸ்பத்திரியில் இருந்தார். சைக்கிளில் பள்ளிக்குப் போன பேரன் கார் மோதி அடிபட்டிருந்தான். பாட்டனார் வேறெங்கே இருப்பார்? அங்கேதான் செய்தி வந்தது. மாடிப்படி ஏறிப்போன 343 தீயணைப்புத் துறையினர் அன்று திரும்பவில்லை.

போக வேண்டும் என்றார் பெக்வித். உனக்கு 69 வயது, வேண்டாம் என்றது குடும்பம். குடும்பத்தின் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் இன்னொரு செய்தியும் வந்தது. தீயணைப்புத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜிம்மி பாயிலின் மகனைக் காணோம். அவரும் தீயணைப்பு வீரர். அதற்குமேல் பெக்வித்தைத் தடுக்க யாராலும் முடியவில்லை. தோழனின் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கும்போது, தன் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருப்பதெப்படி? குடும்பப் பாசம் வீட்டு வாசலோடு நிற்பதில்லை என்று அறிந்தவர் அவர். பழைய தோல் தலைக்கவசத்தை அணிந்தார். தீயணைப்புத் துறை அடையாள அட்டையைக் காட்டி, காவல் வளையங்களைப் பேசிப்பேசியே கடந்தார். இடிபாட்டில் இறங்கி மண் அள்ளினார்.

அன்று ஜனாதிபதி வந்தார். நசுங்கிக் கிடந்த தீயணைப்பு வண்டி ஒன்றின் மேல் பெக்வித் நின்றிருந்தார். ஓர் அதிகாரி வந்து, அது உறுதியாக இருக்கிறதா என்று குதித்துப் பார்க்கச் சொன்னார். பெரிய மனிதர் ஒருவர் வருவார், மேலே தூக்கி விட்டுவிட்டு இறங்கிவிடு என்றார். வந்தவர் ஜனாதிபதி! அவரை மேலே ஏற்றிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் இறங்கப் போனார் பெக்வித். இங்கேயே நில் என்று ஜனாதிபதியே நிறுத்திக்கொண்டார். நடந்தது இவ்வளவுதான். ஆளுவோர் நிற்க மேடை உறுதியா என்று குதித்துப் பார்க்கவும் தொழிலாளிதான். கைகொடுத்து ஏற்றிவிடவும் தொழிலாளிதான்!

பேச்சு கேட்கவில்லை என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. "எனக்கு உங்கள் குரல் கேட்கிறது" என்றார் ஜனாதிபதி. ஆரவாரம் விண்ணை முட்டியது.

அந்த முழக்கம் பிறகு போராயிற்று. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தான். 2003 மார்ச்சில், அந்தத் தாக்குதலில் பங்கே இல்லாத இராக். பெக்வித் என்ன செய்தார்? தமக்குக் கிடைத்த புகழோடு ஊர் ஊராகப் போனார், கூட்டங்களில் பேசினார், தீக்காயம் பட்டோரின் சிகிச்சைக்கான தீயணைப்பு வீரர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டினார். ஆளுவோருக்கு அந்தப் படம் போர்க்கொடி ஆயிற்று. அந்தத் தொழிலாளிக்கு உண்டியல் ஆயிற்று. இரண்டில் எது பெருமை என்று தோழர்களே சொல்லட்டும்.

இனி, நாம் மறக்கக்கூடாத கணக்கு ஒன்று உண்டு. இடிபாட்டில் தீ டிசம்பர் வரை அடங்கவில்லை. தூளான சிமெண்டும் கண்ணாடி இழையும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்த புழுதி காற்றிலே. 2001 செப்டம்பர் 18ஆம் நாள், சுவாசிக்க இந்தக் காற்றில் அபாயமில்லை என்று அறிவித்தது அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். தொழிலாளர்கள் நம்பினார்கள், உழைத்தார்கள், இருமத் தொடங்கினார்கள்.

"உங்கள் குரல் கேட்கிறது" என்ற அரசுக்கு அந்த இருமல் எப்போது கேட்டது? சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்குமான சட்டம் கையெழுத்தானது 2011 ஜனவரி 2ஆம் நாள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்! அதிலும் முதலில் புற்றுநோய் பட்டியலிலே இல்லை, 2012இல்தான் சேர்ந்தது. ரே பைஃபர் என்ற தீயணைப்பு வீரர், புற்றுநோய் உடலைத் தின்னத் தின்ன, சக்கர நாற்காலியில் தலைநகருக்குப் போய்ப் போய் உறுப்பினர்களின் கதவைத் தட்டினார். 2015இல் மருத்துவத் திட்டம் 2090 வரை நீண்டது. 2017இல் அவர் மாண்டார். இழப்பீட்டு நிதியை நிலைநிறுத்திய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதைக் காண அவர் இல்லை.

2023 செப்டம்பரில் வந்தது இன்னொரு செய்தி. அந்தப் புழுதி தந்த நோய்களால் பின்னர் மாண்ட நியூயார்க் தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கையும் 343ஐத் தொட்டது. முதல் 343 பேரை ஒரே காலையில் இழந்தார்கள். அடுத்த 343 பேரை ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒவ்வொருவராக, 22 ஆண்டுகளில் இழந்தார்கள். முன்னவர்களுக்கு மணி அடித்தது, கொடி தாழ்ந்தது. பின்னவர்களோ மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றார்கள்.

தோழர்களே! உயிரைப் பணயம் வைத்து உழைப்பவனை வீரன் என்று புகழ்வது எளிது; செலவில்லாதது. அவன் மூச்சுக்குக் கவசம் கொடு, நோய்க்கு மருந்து கொடு, மாண்டால் பிள்ளைகளுக்குச் சோறு கொடு என்றால், கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆகவே மாலை போடுவோரைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சட்டம் எங்கே?

பாப் பெக்வித் தமக்காக எதுவும் கேட்கவில்லை. மேலேறச் சொன்னபோது ஏறினார், இறங்கச் சொன்னபோது இறங்கப் போனார், தோழனின் பிள்ளையைத் தேட மட்டும் யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அந்த நல்ல தகப்பனுக்கு, நல்ல தோழருக்கு, நம் வணக்கம். அவர் கேளாததை, அவரைப் போன்ற ஒவ்வொருவருக்காகவும், கேட்கும் கடமை நம்முடையது.