நிரை, நிரல், விளிம்பு: எண்தொடரைக் கட்டமாக்கும் விளக்கங்களின் மொழிபெயர்ப்பு

1. தொடரும் கட்டமும்

கணிப்பொறி நினைவகத்தின் முகவரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடரில் அமைந்தவை. எனவே கிடையாகச் செல்லும் நிரைகளும் செங்குத்தாகச் செல்லும் நிரல்களும் கொண்ட கட்டம் எதுவாயினும், அது அங்கு ஓர் எண்தொடராகவே வைக்கப்படுகிறது. இத்தொடரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வெக்டர் என்றும் இலங்கைப் பாடநூல்கள் காவி என்றும் வழங்குகின்றன. தொடரை மீண்டும் கட்டமாக விரிக்கும்போது எம்முறையில் நிரப்புவது என்னும் செய்தி எண்களுக்குள் இல்லை. அதனை விளக்கவுரையே தரவேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பாளரின் சொல்லாட்சி இங்குக் கணக்கின் விடையையே மாற்றவல்லது.

2. ஓர் எடுத்துக்காட்டு

ஓர் உலோகத் தகட்டின் மேல் விளிம்பு 100 பாகை வெப்பத்திலும் ஏனைய மூன்று விளிம்புகள் 0 பாகையிலும் நிலைநிறுத்தப்பட்டுள்ளன எனக் கொள்வோம். தகட்டை 4 நிரைகளும் 5 நிரல்களும் கொண்ட கட்டமாகப் பகுத்தால் 20 இடங்கள் கிடைக்கும். அவற்றுள் விளிம்பில் உள்ள 14 இடங்களின் மதிப்பு முன்னரே தெரியும்; உள்ளே உள்ள 6 இடங்களின் மதிப்பே காணவேண்டியது. உள்ளிடம் ஒவ்வொன்றும் தன் நான்கு அண்டை இடங்களின் சராசரி என்பது விதி. சமன்பாடுகளைத் தீர்த்தால் 42, 51, 42, 16, 20, 16 என்னும் தொடர் (முழு எண்ணாக்கப்பட்டது) கிடைக்கும். இதனை நிரை நிரையாக உள்ளே நிரப்பி, விளிம்பு மதிப்புகளைச் சுற்றிலும் இட்டால் கட்டம் இவ்வாறு அமையும்:

100 100 100 100 100
0 42 51 42 0
0 16 20 16 0
0 0 0 0 0

அதே தொடரை நிரல் நிரலாக நிரப்பினால் உள்நிரைகள் இரண்டும் 42, 42, 20 என்றும் 51, 16, 16 என்றும் மாறிவிடும். குளிர்ந்த இடக்கீழ் மூலையை ஒட்டி 51 பாகை தோன்றும்; அதன் அண்டை இடங்களின் சராசரியோ 14.5 மட்டுமே. எண்களின் தொகை குறையவில்லை, கட்டத்தின் அளவும் பொருந்துகிறது. ஆதலால் கணிப்பொறி பிழை எதனையும் அறிவிப்பதில்லை.

இக்குழப்பம் கற்பனையானதன்று. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி கட்டத்தை நிரல்வழியாகவும், 1972இல் உருவான சி மொழி நிரைவழியாகவும் நினைவகத்தில் வைக்கின்றன. மேட்லேப், ஆர் ஆகியவை முன்னதன் வழியையும், பைத்தான் மொழியின் நம்பை நூலகம் பின்னதன் வழியையும் இயல்பாகக் கொண்டுள்ளன.

3. சொற்சிக்கல்கள்

நிரை, நிரல் என்னும் இரு சொற்களும் ஈற்றில் மட்டுமே வேறுபடுவதால் அச்சுப்பிழைக்கு எளிதில் இடந்தருகின்றன. இதனினும் பெரிய சிக்கல், கணிப்பொறித் துறையில் கட்டளைத் தொகுப்பையும் நிரல் என்றே வழங்குவதாகும். 'நிரல்வழி நிரப்புக' என்னும் தொடரைச் செங்குத்தாக நிரப்புக என்றும், கட்டளைத் தொகுப்பைக் கொண்டு நிரப்புக என்றும் கொள்ளலாம். கணித நூலில் எழாத இவ்விருபொருள், கணிதமும் கணிப்பொறியும் கலந்த நூலில் தவிர்க்க முடியாததாகிறது.

'எல்லை மதிப்பு' என்பதும் இத்தகையதே. நுண்கணிதத்தில் ஒரு சார்பு நெருங்கிச் செல்லும் மதிப்பை அது குறித்து நிற்கிறது. கட்டத்தின் ஓரத்தில் இடப்படும் மதிப்பையும் அச்சொல்லாலேயே குறித்தால் பயில்வோர் மயங்குவர்.

4. இலக்கண மரபில் ஓர் ஒப்புமை

தொடரில் நிற்பதைக் கட்டமாகக் கொள்ளும் முறையைத் தமிழ் இலக்கணம் நிரல்நிறை என்னும் பெயரால் அறிந்திருந்தது. தொல்காப்பியமும் நன்னூலும் இதனைக் கூறுகின்றன. 'கண்ணும் செவியும் காணும் கேட்கும்' என்பது முறைநிரல்நிறை. 'கண்ணும் செவியும் கேட்கும் காணும்' என்பது எதிர்நிரல்நிறை. ஒரே தொடருக்கு இருவகை அடைவு உண்டு என்பதை உணர்ந்தே இரண்டிற்கும் தனிப்பெயர் இடப்பட்டது. எனினும் செவி காணாது என்னும் உலகறிவு அங்குப் படிப்போருக்குத் துணைநிற்கிறது. எண்தொடரில் அத்துணை இல்லை. 51 எந்த இடத்திலும் பொருந்தி நிற்கும்.

5. முடிவுரை

பள்ளிக் கல்வியில் நிலைபெற்றுவிட்ட நிரை, நிரல் ஆகியவற்றை மாற்றுவது பயன்தராது. கட்டளைத் தொகுப்பைச் 'செய்நிரல்' எனவும், ஓர மதிப்பை 'விளிம்பு மதிப்பு' எனவும் வேறுபடுத்தி வழங்குதல் தகும். நிரப்பும் முறையை மூலநூல் கூறாது விட்டிருப்பினும், அது எந்தக் கணிப்பொறி மொழியைச் சார்ந்தது என அறிந்து, மொழிபெயர்ப்பில் வெளிப்படையாகக் குறிக்கவேண்டும். மூலமொழி வாசகருக்குப் பழக்கத்தால் விளங்குவது, தமிழில் முதன்முறை பயில்வோருக்குச் சொல்லப்பட்டாலன்றி விளங்காது.